ஒரே வடிவம், நான்கு நட்சத்திரங்கள்: குமரி எல்லையில் ஒரு ஸ்க்ரோல் சா நிகழ்வு ஆய்வு

தக்கலையிலிருந்து கேரளத்துப் பாறசாலை வரையுள்ள ஊர்களில், மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தில் நுண்ணிய வளைவுகளை அறுக்கும் ஸ்க்ரோல் சா மெஷினை வைத்துப் பொழுதுபோக்காக மரவேலை செய்யும் நான்கு பேர், கிறிஸ்துமஸ் குடிலின் மேல் வைப்பதற்கான ஒரு நட்சத்திர விளக்கை ஒரே வடிவத்திலிருந்து தனித்தனியே அறுத்தனர். வடிவம் ஒருவரிடம் இருந்தது. அதை அவர் மற்ற மூவருக்கும் கொடுத்தார். "அஞ்சாம் நம்பர் பிளேடு போதும், மெதுவாத் தள்ளினா கரியாது" என்ற யோசனையும் கூடவே போயிற்று. வடிவத்தைக் கொடுத்தவரின் விளக்கு மட்டுமே முழுதாக நின்றது. இன்னொருவருடையது ஓரம் கருகி, கோத்த பின் ஆடியது. மூன்றாவதில் ஒரு முனை நடுவே உதிர்ந்தது. நான்காவது விளக்கு கோக்கும் கட்டத்துக்கே வராமல் முறிந்தது.

அறுத்தவர்களில் நான் ஒருவன் அல்லன். நான்கு விளக்குகளையும், உடைந்த துண்டுகளையும், ஒட்டிய தாள்களின் மிச்சத்தையும் வாங்கி வைத்து அளந்து, ஒவ்வொருவரிடமும் என்ன செய்தார்கள் என்று கேட்டுக் குறித்ததே என் பங்கு. கைப்பழக்கம் போதவில்லை என்றே நால்வரும் முதலில் நினைத்தார்கள். துண்டுகளைப் பார்த்த பின் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடைந்தவற்றிலும் வளைவுகள் கோட்டின் மேலேயே, தயக்கமின்றிப் போயிருந்தன.

வடிவமும் அறுத்தவர்களும்

முனைக்கு முனை 190 மில்லிமீட்டர் அகலமுள்ள இரண்டு ஐந்துமுனை நட்சத்திர முகங்கள். அவற்றுக்கு இடையே 60 மில்லிமீட்டர் இடைவெளியை நிறுத்தும் ஐந்து பட்டைகள். ஒவ்வொரு பட்டையின் இரு முனையிலும் 20 மில்லிமீட்டர் நீள நாக்கு. அது நுழைய முகத்தில் ஒரு காடி. முகம் முழுவதும் இலை வடிவத் திறப்புகளும், அவற்றைச் சுற்றி அரிசி மணியைவிடச் சற்றே பெரிய துளி வடிவத் திறப்புகளும் உண்டு. திறப்புக்கும் திறப்புக்கும் நடுவே விடப்படும் பாலம் 3 மில்லிமீட்டர்தான். உள்ளே எல்.இ.டி. சரம் போட்டு, முகத்தின் உட்புறம் டிரேசிங் பேப்பர் ஒட்டினால் வேலை முடிந்தது. அமெரிக்க அளவில் வரையப்பட்ட வடிவம் என்பதால் காடியின் அகலம் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர்.

வடிவத்தைக் கொடுத்தவர் சவூதியில் எலக்ட்ரீஷியனாக இருந்து பாறசாலைக்குத் திரும்பியவர். மெஷினையும் அங்கிருந்தே கொண்டுவந்தவர். இரண்டாமவர் குழித்துறையில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். மூன்றாமவர் மார்த்தாண்டத்தில் ஒரு பிளைவுட் கடையில் கணக்கு எழுதுகிறார். நான்காமவர் தக்கலைப் பக்கத்து ஆசாரிக் குடும்பத்து இளைஞர். திருவனந்தபுரத்தில் கணினி வேலை பார்க்கிறார், விடுமுறை நாட்களில் மட்டும் தாத்தாவின் பட்டறைக்குள் நுழைகிறார்.

தாளில் தொடங்கிய பிழை

ஆசிரியரும் கணக்கரும் வடிவத்தைப் போனில் வாங்கி, ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளில் எடுத்தார்கள். அமெரிக்கத் தாள் 216 மில்லிமீட்டர் அகலம். ஏ4 தாள் 210. தாளுக்குள் அடங்கும்படி அச்சிடச் சொன்னால் அச்சு இயந்திரம் தானாகவே படத்தைச் சுமார் 97 விழுக்காட்டுக்குக் குறைத்துவிடும். பார்வைக்கு இது தெரியாது. ஆசிரியரின் தாளில் நான் அளந்தபோது நட்சத்திரம் 190-க்குப் பதில் 184 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நின்றது.

நட்சத்திரம் சிறுத்துப் போனால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் பட்டைகளின் அளவு வடிவத்தில் எண்ணாகவே எழுதப்பட்டிருந்ததால், இருவரும் அவற்றை ஸ்கேல் வைத்துத் தாங்களே வரைந்துகொண்டனர். எனவே முகம் 97 விழுக்காடு, பட்டை 100 விழுக்காடு. காடியின் நீளம் 20-லிருந்து 19.4 ஆகச் சுருங்கியதால் நாக்கு அதற்குள் போகவில்லை. அரத்தால் தேய்த்து நுழைத்தார்கள். அகலத்திலோ நேர்மாறான கோளாறு. கடையில் 6 மில்லிமீட்டர் என்று விற்கப்படும் பிளைவுட்டை வெர்னியர் என்னும் நுண்ணளவுக் கருவியில் வைத்தால், இவர்கள் வாங்கியது 5.6 மில்லிமீட்டரே இருந்தது. சுருங்கிய காடியே 6.17 இருக்க, 5.6 கனமுள்ள நாக்கு அதற்குள் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடியது. ஆக, அதே காடி நீளத்தில் இறுக்கமாகவும் அகலத்தில் தளர்வாகவும் இருந்தது. ஐந்து பட்டைகளிலும் இந்த ஆட்டம் சேர்ந்தால் விளக்கு ஒரு பக்கமாகச் சாயாமல் என்ன செய்யும்? பசையால் நிரப்பினார்கள், ஒரு இரவு கழிந்து பசை சுருங்கியதும் பழையபடி ஆடியது.

பாறசாலைக்காரரின் விளக்கு ஏன் ஆடவில்லை என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் முதலில் வாங்கியது தாளிலேயே அச்சான அசல். அதோடு பட்டைகளுக்குப் பிளைவுட்டைப் பயன்படுத்தாமல், ரப்பர் மரப் பலகையை இழைப்புளியால் இழைத்து, காடிக்குள் கையால் அழுத்தினால் நுழையும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். அது அவருக்குப் பழக்கம். பழக்கமானதால் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

கட்டையின் கதை

எல்லைப்புறத்தில் மரத்துக்குப் பஞ்சமில்லை. தேய்ந்துபோன ரப்பர் தோட்டங்களை வெட்டும்போது வரும் தடியும், வீடு இடிக்கும்போது கிடைக்கும் அயனியும் (பலா இனத்து மரம்) பலாவும் தடி மில்களில் மலிவாகக் கிடைக்கின்றன. பிளைவுட் பெரும்பாலும் பெரும்பாவூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் வருகிறது. எர்ணாகுளம் மாவட்டத்து அந்த ஊரின் பிளைவுட் ஆலைகள் ரப்பர் மரத்தை நடு அடுக்குக்கு ஏராளமாகப் பயன்படுத்துகின்றன. நடு அடுக்கின் துண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி வைக்கப்படாத இடங்களில் உள்ளே காற்றுப் பொந்து நின்றுவிடும். கதவு, அலமாரி செய்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 3 மில்லிமீட்டர்ப் பாலத்தில் நிற்கும் வேலைக்கு அதுவே எமன்.

கணக்கரின் விளக்கில் நடந்தது இதுதான். உதிர்ந்த முனையைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தேன். மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் சேதமின்றி இருந்தன; நடுவில் விரல்நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெற்றிடம், அதன் ஓரத்தில் பசையே படாத வெளிறிய மரம். பாலம் சரியாக அதன் மேல் விழுந்திருந்தது. கடையில் வேலை பார்ப்பவர் என்பதால் அவரிடம் பல பிளைவுட் தாள்கள் இருந்தன. மீதித் தாள்களை விரல் கணுவால் தட்டித் தட்டிப் பார்த்தபோது, பொந்து உள்ள இடத்தில் ஒலி மந்தமாகவும் வெறுமையாகவும் வந்தது. பெரிய திறப்புகள் விழும் இடத்தில் அந்தப் பொந்து வரும்படி வடிவத்தை நகர்த்தி ஒட்டினால் அறுத்தெடுக்கும் துண்டோடு அதுவும் போய்விடும் என்பது அவருடைய யோசனை. நல்ல யோசனை என்றே நான் கருதுகிறேன். இல்லையேல் மரைன் தரத்துப் பிளைவுட்டின் துண்டுகளைத் தச்சர்களிடம் கேட்டு வாங்கலாம். விலை கூடுதல், ஆனால் பொந்துகள் குறைவு. அதன் பசை கடினமானது என்பதால் பிளேடு விரைவில் மழுங்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

தக்கலை இளைஞர் பிளைவுட்டைத் தொடவில்லை. பழைய நிலைக்கதவின் அயனிப் பலகையை 6 மில்லிமீட்டருக்கு இழைத்து, நிறத்துக்காகவே அதில் அறுத்தார். அயனி நல்ல மரம்தான். ஆனால் ஒரே பலகையில் ஐந்து முனை நட்சத்திரம் வரைந்தால், மரத்தின் நார் ஓடும் ரேகை ஒரு முனைக்கு நெடுக்காகவும் மற்ற முனைகளுக்குச் சாய்வாகவோ குறுக்காகவோதான் ஓட முடியும். குறுக்கே ஓடும் இடத்தில் 3 மில்லிமீட்டர்ப் பாலம் என்பது பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் சில நார்களே. அவருடைய தாத்தா துண்டைக் கையில் வாங்கியதும் சொன்னது ஒரே வாக்கியம்: "ரேகைக்குக் குறுக்கே அறுத்தா முறியத்தானே செய்யும், மக்களே." நான் பார்த்தவரை, முறிந்த பாலங்கள் எல்லாமே ரேகைக்குக் குறுக்கே இருந்தவை, நெடுக்கே இருந்தவற்றில் ஒன்றுகூட முறியவில்லை.

அவர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ள அந்த மர அரண்மனையின் மந்திரசாலையில் (அரசரின் ஆலோசனைக் கூடத்தில்) காற்றும் வெளிச்சமும் வருவது சட்டத்துக்குள் தனித்தனியே பொருத்திய மர அழிகளின், அதாவது மெல்லிய பட்டிகளின், வழியாகத்தான். ஒவ்வொரு அழியிலும் ரேகை நெடுக்கே ஓடும். ஒரே பலகையைக் குடைந்து சல்லடையாக்குவது வேறு வேலை. அதற்கு ரேகையை ஏமாற்ற வழி தேட வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு இழைத்த இரண்டு அயனிப் பலகைகளை ஒன்றுக்கொன்று குறுக்கே வைத்து ஒட்டி, ஓர் இரவு அழுத்தி வைத்துப் பிறகு அறுக்கலாம் என்று தாத்தாவும் பேரனும் முடிவு செய்தனர். அப்படி அறுத்த இரண்டாவது நட்சத்திரம் நின்றது. ரேகை மாறிய இடத்தில் ஓரம் இரு நிறமாகத் தெரிகிறது. எனக்கு அது அழகாகவே படுகிறது, பேரனுக்குப் பிடிக்கவில்லை.

பிளேடு, துளை, வேகம்

ஆசிரியரின் விளக்கு கருகியதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடித்தது. அவர் செய்ததெல்லாம் சொன்னபடிதான். ஐந்தாம் நம்பர் பிளேடு, மெதுவான தள்ளல். பாறசாலையில் அப்படிச் செய்தால் கரியவில்லை, குழித்துறையில் கரிந்தது.

பாறசாலை மெஷினின் பின்புறத் தகட்டில் 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 1,700 வெட்டு (பிளேடு மேலும் கீழும் போய்வரும் தடவை) என்று இருந்தது. ஹெர்ட்ஸ் என்பது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதன் அளவு. சவூதி அரேபியாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இந்தியாவில் 50. வேகத்தை மாற்றும் திருகு இல்லாத, இண்டக்‌ஷன் மோட்டார் உள்ள இந்த வகை மெஷினின் வேகம் ஹெர்ட்ஸைப் பின்தொடரும். எனவே இங்கே அது ஆறில் ஐந்து பங்காக, ஏறத்தாழ 1,400 வெட்டுக்கு இறங்கிவிட்டது. மோட்டார் வழக்கத்தைவிட அதிகம் சூடாகிறது என்று அவர் சொல்லிவந்ததற்கும் இதுவே காரணம்: 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றப்பட்ட மோட்டாரில் அதே வோல்ட்டை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் இரும்புக்குள் காந்தப்புலம் நிறைந்து, மின்னோட்டம் கூடும். இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு ஓட்டுவது அவருக்கு நல்லது. துபாயிலிருந்து கொண்டுவந்த மெஷினில் இந்தத் தொல்லை இருக்காது. அங்கும் 50 ஹெர்ட்ஸ்தான்.

ஆசிரியரின் மெஷினில் திருகு உண்டு. 400 முதல் 1,600 வரை போகும். அவர் அதை முழுவதும் திருப்பி வைத்து, சொன்னபடி மெதுவாகத் தள்ளினார். வேகமாக மேலும் கீழும் போகும் பல், மரம் முன்னே வராதபோது அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் கருக்கு. மெதுவாகத் தள்ள வேண்டுமானால் வெட்டையும் குறைக்க வேண்டும். வெட்டு கூடுதலாக இருந்தால் தள்ளலும் அதற்கேற்ப இருக்க வேண்டும், அதுவும் பிளேடு பின்னால் வளையாத அளவுக்கு. பாறசாலைக்காரர் தாளின் மேல் அகலமான பேக்கிங் டேப்பை ஒட்டிவிட்டுத்தான் அறுப்பார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. டேப் ஒட்டினால் கருகல் வெகுவாகக் குறையும் என்பது இந்த வேலை செய்பவர்கள் பலரும் கண்டது. டேப்பின் மேற்பூச்சு பல்லுக்கு வழுக்கல் கொடுக்கிறது என்று காரணம் சொல்வார்கள். இதுவும் ஆசிரியருக்குப் போன குறிப்பில் இல்லை.

நம்பரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தாம் நம்பர் பிளேடு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அகலமும் 0.4 கனமும் கொண்டது. இரண்டாம் நம்பர் 0.7 அகலம், 0.3 கனம், பற்கள் நெருக்கம். பாறசாலைக்காரர் இரண்டு முகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக டேப்பால் கட்டி ஒரே அறுப்பில் எடுத்தார். அந்தக் கனத்துக்கு ஐந்தாம் நம்பர் பொருத்தம். ஆசிரியர் ஒவ்வொன்றாக அறுத்தார். ஒற்றைப் பிளைவுட் தாளுக்கு ஐந்தாம் நம்பர் முரட்டுப் பிளேடு. துளி வடிவத் திறப்பின் கூர்முனையில் அது திரும்பவே இடமில்லாமல் மூலையைத் தின்றுவிட்டது.

அதற்கும் முன்பே, திறப்புக்குள் பிளேடை நுழைக்கப் போடும் துளைகளில் தவறு நேர்ந்திருந்தது. ஆசிரியரின் மெஷின், முனையில் குறுக்காகச் சிறு ஊசி (பின்) நிற்கும் பிளேடை மட்டுமே ஏற்கும். அந்த ஊசி நுழைய 5 மில்லிமீட்டர் அளவுக்குத் துளை போட வேண்டும். துளி வடிவத் திறப்பின் அகலமே 4. துளை பாலத்தைக் கடித்தது. ஊசி இல்லாத பிளேடு மாட்டுவதற்கான இடுக்கி அந்த மெஷினுக்குத் தனியாகக் கிடைக்கும் வரை, சிறு திறப்புகளைக் கையால் அறுப்பதே வழி. கையால் இழுக்கும் சட்ட ரம்பமான ஃப்ரெட் சாவுக்கும் ஸ்க்ரோல் சாவுக்கும் ஒரே ஐந்து அங்குலப் பிளேடுதான் என்பதால் மெஷினுக்கான நுண்பிளேடையே அதில் மாட்டலாம். பொற்கொல்லர் பயன்படுத்தும் பிளேடும் நீளத்தில் பொருந்தும், ஆனால் உலோகத்துக்கான நெருங்கிய பல்லில் மரத்தூள் அடைத்துக்கொள்ளும்.

கணக்கரின் விளக்கில் இன்னொரு சிறு குறையும் இருந்தது: அடுக்கி அறுத்த இரு முகங்களும் ஒன்றுபோல் இல்லை. மெஷினின் மேசை 2 டிகிரி சாய்ந்திருந்தால் 12 மில்லிமீட்டர் அடுக்கில் மேலுக்கும் கீழுக்கும் 0.4 மில்லிமீட்டர் வேறுபாடு வரும். மேசையில் உள்ள கோணக் குறியை நம்பக் கூடாது. கனமான ஒரு மரத்துண்டில் கொஞ்ச தூரம் அறுத்து வெளியே எடுத்து, துண்டை அரை வட்டமாகத் திருப்பி, அந்த அறுப்புத் தடத்தைப் பிளேடின் முதுகுப் பக்கமாகக் கொண்டுவாருங்கள். பிளேடு தடையின்றி நுழைந்தால் மேசை நேராக இருக்கிறது, இடித்தால் சாய்ந்திருக்கிறது.

தூசியைப் பற்றி நால்வரும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1995-இலேயே வகைப்படுத்திவிட்டது. அறைக்குள் பிளைவுட் அறுப்பவர் முகக்கவசம் இல்லாமல் உட்காரக் கூடாது.

இப்போது கூடவே போகும் தாள்

அடுத்த வடிவத்தை ஓவிய ஆசிரியர் தாமே வரைந்து மற்றவர்களுக்குக் கொடுத்தார். விலைக்கு வாங்கிய வடிவத்தை நகலெடுத்துப் பரப்புவது வரைந்தவரின் பிழைப்பைக் கெடுப்பது என்பதால், இனித் தங்கள் வடிவங்களையே பகிர்வது என்று நால்வரும் பேசி வைத்துக்கொண்டதும் நல்லதாயிற்று. தாளின் ஓரத்தில் 100 மில்லிமீட்டர்க் கோடு ஒன்று. அச்செடுத்ததும் ஸ்கேலை அதில் வைத்துப் பார்க்காமல் யாரும் ஒட்டுவதில்லை. காடிக்கு ஒரு பக்கக் கோடு மட்டுமே வரையப்பட்டிருக்கிறது. மறுபக்கத்தை அவரவர் பட்டையை அதன்மேல் நிறுத்திக் கூர்மையான பென்சிலால் கீறிக்கொள்ள வேண்டும். எந்த மரம், அளந்த கனம் என்ன, ஒற்றையா அடுக்கா, பிளேடு நம்பர், நிமிடத்துக்கு எத்தனை வெட்டு, டேப் உண்டா என்பவை வடிவத்தின் கீழேயே எழுதப்படுகின்றன. திறப்புகளுக்கு வரிசை எண்ணும் உண்டு. நடுவில் உள்ள சிறியவற்றில் தொடங்கி வெளிப்புறக் கோட்டைக் கடைசியில் அறுப்பதால், பிடித்துக்கொள்ளப் பலகை கடைசி வரை இருக்கும்.

ரேகையின் திசையை அம்புக்குறியால் காட்ட வேண்டும் என்றார் இளைஞர். பிளைவுட்டில் அறுப்பவர்களுக்கு அது வீண் குழப்பம் என்றார் கணக்கர். அம்புக்குறி இருந்தால் குறைந்தபட்சம் எந்த மரம் என்று ஒரு கணம் யோசிக்கவாவது செய்வார்கள் என்பதால் நான் இளைஞர் பக்கம்.

தீராதது ஒன்று இருக்கிறது, அது மழை. இரு பருவமழைகளையும் பெறும் குமரியில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரண்டு மாதங்கள் ஈரமானவை. அக்டோபரில் அறுத்து வைத்த முகங்கள் டிசம்பருக்குள் கிண்ணம்போல் வளைந்தன. வளைந்தவற்றை எடுத்துப் பார்த்தால், முன்பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்தவைதான் மோசமாக வளைந்திருந்தன. பூசாத பக்கம் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, பூசிய பக்கத்தை இழுத்திருக்கிறது. டிரேசிங் பேப்பர் ஒட்டும் பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருந்தார்கள். இந்த ஆண்டு அறுக்கும் முகங்களுக்கு இரு பக்கமும் ஒரே நாளில் சீலர் அடித்து, காய்ந்த பின் சமமான பலகைக்கு இடையில் பாரம் ஏற்றி வைத்திருக்கிறார்கள். டிரேசிங் பேப்பரைச் சீலரின் மேல் ஒட்ட வழக்கமான பசை பிடிக்கவில்லை, இருபக்க டேப்பை முயன்று பார்க்கிறார்கள்.